காப்பிக் கரண்டியில் ஒன்று

காரைக்காலில் தலத்தெரு ஓரமாக ஒரு நெஞ்சு ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது போய்த் தேடாதீர்கள். என் பென்ஷனில் நானே கட்டியது. கதை முடிந்ததும் நானே இடித்துவிடுவேன். அங்கே நான் தலைமை எழுத்தர். வேலையில் இருந்த காலத்தில் வாயைத் திறந்தால் மெமோ வந்தது. இப்போது யாரும் அனுப்ப முடியாது என்பதால் சாவகாசமாகத் திறக்கிறேன்.

எழுபத்தெட்டாம் வருஷத்து மார்கழி. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு. இந்தப் பக்கம் அரசாங்கமே ஏலம் விட்ட சாராயக் கடைகள். வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டி நிமிர்ந்து வந்தவர்கள் வளைந்து வளைந்து திரும்பிப் போனார்கள். இதில் ஆபத்து ஒன்றும் இருப்பதாக அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை. ஆபத்து எங்கள் ஆஸ்பத்திரி இருமல் மருந்தில் இருப்பதாக அது கண்டுபிடித்தது.

கண்டுபிடிப்பு சரிதான். அது கோடீன் கலந்த மருந்து. கோடீன் அபினியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அளவோடு குடித்தால் வறட்டு இருமலை அடக்கும். அளவு மீறினால் இருமலோடு மூச்சையும் சேர்த்து அடக்கிவிடும். சாராயமும் உள்ளே இருந்தால் அந்த வேலை சுருக்காக முடியும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. இவ்வளவையும் ஒரு சீட்டில் அச்சடித்துப் புட்டியில் ஒட்டிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அச்சடித்தார்கள். ஒட்டவும் ஒட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பாதுகாப்புக் குழு அமைந்தது.

குழு முதல் வேலையாகச் சீட்டைப் படித்தது. 'ஒரு தேக்கரண்டி' என்று போட்டிருந்தது. கம்பவுண்டர் பிலோமின்ராஜ் எழுந்து ஆட்சேபித்தார். அவர் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொழில் படித்தவர். பிரெஞ்சில் அந்தச் சின்னக் கரண்டிக்குக் காப்பிக் கரண்டி என்று பேர்.

"எங்க பிரெஞ்சு முசே காலத்துலேருந்து காப்பிக் கரண்டிதான்" என்றார். "தேக்கரண்டிங்கறது இங்கிலீஷ்காரன் பேச்சு. அவன் ஆண்ட ஊருல ஒட்டிக்கட்டும்."

குழு இரண்டாக உடைந்தது. கண்காணிப்பாளர் டாக்டர் செல்வநாதன் தேயிலைப் பக்கம். கலால் அதிகாரி கமாலுதீன் காப்பிப் பக்கம். மருந்து விஷயத்தில் கலாலுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. அபினி வந்த இடத்துக்கெல்லாம் கலால் வரும். அவர்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பேசியே ஆகவேண்டியதை என் வழியாகப் பேசினார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

கரண்டி முடிவாகும்வரை பொதுமக்கள் குழம்பாமல் இருக்க வேண்டும் என்று குழு கவலைப்பட்டது. ஆகவே எல்லாப் புட்டியிலும் சீட்டு ஒட்டுவதை நிறுத்தியது. இது ஒருமனதான தீர்மானம். அப்புறம் யாரும் குழம்பவில்லை. படிக்க ஏதாவது இருந்தால்தானே குழம்புவதற்கு.

இன்னொரு தீர்மானமும் உண்டு. அளவு மீறிக் குடித்தவரை மீட்கிற எதிர்மருந்து ஊசி புதுச்சேரியிலிருந்து கொஞ்சம் வந்திருந்தது. அருமையான மருந்து, யாராவது எடுத்து உபயோகித்துவிட்டால் என்ன ஆவது என்று ஊசி போடும் அறையில் ஒரு இரும்பு பீரோவுக்குள் வைத்து இரண்டு பூட்டுப் போட்டார்கள். ஒரு சாவி டாக்டரிடம், இன்னொன்று கமாலுதீனிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். பேசாத இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவி கொடுப்பதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் கிடையாது.

இதெல்லாம் நல்லபடியாக நடந்து முடிந்ததைக் கொண்டாட 'இருமல் மருந்துப் பாதுகாப்பு வாரம்' ஒன்றை அறிவித்தார்கள்.

இனி அஞ்சுகம். கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில் அவளுக்குக் காப்பிக் கடை. புருஷன் மருதையன் விவசாயக் கூலி. கார்த்திகை மழையில் மடை பார்க்கப் போய் நனைந்தவருக்கு இருமல் பிடித்தது. சும்மா இருமல் இல்லை. அவர் ஒரு தடவை இருமினால் பாய்லர் மூடி எழும்பி உட்காரும். கொல்லையில் கட்டிய ஆடு கயிற்றை அறுத்துக்கொள்ளும். மாயவரம் பஸ்காரர் எதிரே லாரி வருகிறதென்று வண்டியை ஓரங்கட்டுவார். நெஞ்சு நிறையச் சளி. அந்த மாதிரி இருமலை அடக்கவே கூடாது, வெளியே வரவிட வேண்டும் என்பது வைத்தியம். ஆனால் பாதுகாப்பு வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாரத்துக்குள் இருமலைக் குறைத்துக் காட்டும்படி மேலிருந்து உத்தரவு. வந்தவர்களுக்கெல்லாம் அதே மருந்து.

அஞ்சுகம் கழுவிக் கொண்டுபோன பிராந்திப் புட்டியில் பிலோமின்ராஜ் மருந்தை ஊற்றிக் கொடுத்தார்.

"காப்பிக் கரண்டில ஒண்ணு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"காப்பிக் கரண்டிங்களா?"

"காப்பிக் கரண்டிதான். யாரு வந்து மாத்திச் சொன்னாலும் கேக்காத."

அவள் கடையில் காப்பிக் கரண்டி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. நீளக் காம்பு, குழிந்த பித்தளைத் தலை. ஒரு தடவை மொண்டால் அரை டம்ளருக்கு மேல் நிற்கும். ஆஸ்பத்திரி மருந்தாயிற்றே என்று புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு சொட்டுக் கூடாமல் குறையாமல் கொடுத்தாள். காரைக்கால் பிராந்தியத்தில் மருந்தை அவ்வளவு சுத்தமாக அளந்து கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை. சாயங்காலம் ஒன்று. அதற்குக் கொஞ்சம் முன்னால் மருதையன் வழக்கமான ஒரு கிளாஸ் சாராயத்தையும் முடித்திருந்தார். ராத்திரி ஒரு இருமல் இல்லை. நல்ல மருந்து என்று விடிந்ததும் அரைத் தூக்கத்தில் இருந்தவரை எழுப்பி உட்காரவைத்து இன்னொன்று கொடுத்தாள்.

காலைக் கூட்டம் ஓய்ந்து அவள் திரும்பிப் பார்த்தபோது மருதையன் பெஞ்சில் சாய்ந்தபடி இருந்தார். கூப்பிட்டாள். உலுக்கினாள். கண் பாதி திறந்து தானாக மூடிக்கொண்டது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவளுடைய மூச்சும் நின்றுபோய்க் காத்திருந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒன்று வந்தது.

நிறுத்தத்தில் இருந்தவர்கள் அவரைத் தூக்கி பஸ்ஸில் போட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வண்டியை நிறுத்தி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு ஈ, காக்காய் இல்லை. வாரத்தின் தொடக்க விழா என்று எல்லாரும் கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஊசி அறையில் நர்ஸ் அமலராணி மட்டும் இருந்தாள். மருதையனைத் தள்ளுவண்டியில் ஏற்றி, இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"என்ன குடுத்தீங்க அக்கா?"

"இங்க குடுத்த மருந்துதாங்க. காப்பிக் கரண்டில ஒண்ணு." அஞ்சுகம் கையை விரித்துக் கரண்டித் தலையின் அகலத்தைக் காட்டினாள்.

அமலராணி மருதையனின் தாடையைத் தூக்கிப் பிடித்து, ரப்பர் பையை வாயில் பொருத்திக் காற்றை அழுத்தத் தொடங்கினாள்.

"கட்டங்காப்பி போட்டுக் குடுத்தா முழிச்சுக்குவாராங்க?"

"வாயில ஒண்ணும் ஊத்திராதீங்க, நெஞ்சுக்குள்ள போயிரும். ஊசிதான் போடணும். மருந்து இந்தா இந்த பீரோவுலதான் இருக்கு." தலையால் காட்டினாள். "டாக்டர் எழுதணும். சாவி ஒண்ணு டாக்டர்கிட்ட, ஒண்ணு கலால் ஐயாகிட்ட. ரெண்டு பேரும் கூடத்து மேடையில இருக்காங்க. நான் கையை எடுத்தா மூச்சு நின்னுரும். நீங்க போய் வாங்கிட்டு வாங்க. நிக்காம ஓடுங்க அக்கா."

அஞ்சுகம் ஓடினாள்.

கூடத்து வாசலில் பியூன் மறித்தான். இருமல் உள்ளவர்கள் இடப்பக்கக் கதவு, இல்லாதவர்கள் வலப்பக்கக் கதவு என்று ஏற்பாடு.

"ஒனக்கு இருமலா?"

"எனக்கில்லப்பா, வூட்டுக்காரருக்கு."

"அவருக்கு இருக்கா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல."

பியூன் யோசித்தான். இருந்து இல்லாமல் போனவர்களின் மனைவிமார்களுக்குக் கதவு ஒதுக்கப்படவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் அவன் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள்.

மேடையில் டாக்டர் செல்வநாதன் பேசிக்கொண்டிருந்தார். "நான் இந்த ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பேற்றபோது எங்கு பார்த்தாலும் இருமல் சத்தம். இன்று என் அறையில் உட்கார்ந்தால் ஒரு இருமல்கூடக் காதில் விழுவதில்லை. இந்த முன்னேற்றத்துக்காகவே என் அறையை மாடிக்கு மாற்றிக்கொண்டேன்."

கைதட்டினார்கள். நடுநாற்காலியில் புதுச்சேரியிலிருந்து வந்த துணை இயக்குநர் தலையை ஆட்டினார். தூக்கமா ஆமோதிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத ஆட்டம். அஞ்சுகம் மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"ஐயா, பீரோ சாவி வேணுங்க. வூட்டுக்காரரு மூச்சு விட மாட்டேங்கறாரு."

"கேள்வி நேரம் கடைசியில்" என்றார் டாக்டர் மைக்கிலேயே. "உட்காரும்மா."

அவள் கமாலுதீன் பக்கம் நகர்ந்தாள். அவர் எழுந்து மைக்குக்கு வந்தார். அடுத்த பேச்சு அவருடையது.

"என் சாவியைத் தருவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது" என்று ஆரம்பித்தார். "ஆனால் டாக்டருடைய சாவி முதலில் பூட்டில் நுழைந்திருக்க வேண்டும். என் சாவி நுழையாமல் அவர் சாவி நுழையக் கூடாது என்பதும் விதி. இதைத்தான் இரட்டைப் பாதுகாப்பு என்கிறோம். இந்த ஆஸ்பத்திரி மருந்து ஒரு சொட்டுகூடத் தப்பான கைக்குப் போகாது என்று உறுதி சொல்கிறேன். சரியான கைக்கும் சுலபத்தில் போகாது."

இதற்கு முன்னதைவிடப் பலமான கைதட்டல்.

"ஐயா, அவரு செத்துக்கிட்டிருக்காருங்க" என்றாள் அஞ்சுகம்.

துணை இயக்குநர் விழித்துக்கொண்டார். "என்ன குறை இந்த அம்மாவுக்கு? மருந்து வேலை செய்யலையா?"

"செஞ்சிருச்சுங்க."

"இருமல் குறைஞ்சுதா?"

"நின்னே போச்சுங்க. நேத்துச் சாயங்காலத்துலேருந்து ஒரு இருமல்கூட இல்ல."

துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருமல் குறைந்த நோயாளிகளை அவர் பல ஊரில் பார்த்திருக்கிறார். முழுக்க நின்றுபோன ஒருவரைப் பார்த்ததில்லை. "அவரை மேடைக்குக் கொண்டுவாங்க" என்றார்.

ஆள் அனுப்பக் கூட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் கதவு திறந்து தள்ளுவண்டி உள்ளே வந்தது. ஒரு கையால் தாடையையும் ரப்பர் பையையும் பிடித்துக்கொண்டு, இடுப்பால் வண்டியைத் தள்ளிக்கொண்டு அமலராணி வந்தாள். "சாவி வரல. அதான் நாங்க சாவிகிட்ட வந்துட்டோம்" என்றாள்.

பியூன்கள் வண்டியோடு தூக்கி மேடையில் வைத்தார்கள். அஞ்சுகமும் கூடவே ஏறினாள். துணை இயக்குநர் மருதையனைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன அமைதி" என்றார். "முகத்தைப் பாருங்க. புதுச்சேரியிலகூட இந்த அமைதி இல்ல."

பொன்னாடை கொண்டுவரச் சொன்னார். படுத்திருக்கிறவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் அவருக்குப் பழக்கம் இல்லை. மலர்வளையம் வைத்துத்தான் பழக்கம். ஆடை மருதையனின் முகத்தின் மேல் விழுந்தது. அமலராணி அதைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். போட்டோக்காரர் சிணுங்கினார். "சிஸ்டர், கொஞ்சம் அந்தப் பையை எடுத்துட்டுத் தள்ளி நில்லுங்க. மூஞ்சி மறைக்குது."

"எடுத்தா மூஞ்சி மட்டுந்தான் மிஞ்சும்" என்றாள் அமலராணி. கை நிற்கவில்லை. "டாக்டர், கோடீன் சார் இது. ஊசி போட்டாகணும். என் கை தளருது."

டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் மோசமான வைத்தியர் இல்லை, கண்காணிப்பாளர், அவ்வளவுதான். சட்டைப் பையில் இருந்த சாவியைத் தொட்டார். தொட்ட கையோடு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அங்கே கமாலுதீனும் தன் பையைத் தொட்டுக்கொண்டிருந்தார். யார் முதலில் எடுப்பது என்று விதியில் இல்லை.

"எவ்வளவு குடுத்த?" என்று டாக்டர் அஞ்சுகத்திடம் கேட்டார்.

"காப்பிக் கரண்டில ஒண்ணுங்க. கடைக் கரண்டி. இத்தாந்தண்டி."

கமாலுதீன் எழுந்துவிட்டார். டாக்டரும் நிமிர்ந்தார். இரண்டு பேர் முகத்திலும் பல நாளாகத் தேடிய பொருள் கிடைத்த வெளிச்சம்.

"எழுத்தர் அவர்களே, அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. "காப்பின்னு சொன்னதோட விளைவு இதுன்னு. தேக்கரண்டின்னு சொல்லியிருந்தா இப்படி ஆகுமா?"

"அந்தம்மாவுக்குத் தேத்தண்ணிக் கடை இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார் கமாலுதீன். பிறகு அஞ்சுகத்தின் பக்கம் திரும்பி, "சாராயம் குடிச்சாரா?" என்றார்.

"ஒரு கிளாஸ் குடிச்சிருந்தாருங்க."

"எந்தக் கடையில? ஏலக் கடையா, கள்ளச் சரக்கா?"

"ஏலக் கடைதாங்க."

"அப்ப அதுல தப்பில்ல."

குழு உறுப்பினர்கள் எல்லாரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். தேயிலைக்காரர்கள் வண்டியின் தலைமாட்டிலும் காப்பிக்காரர்கள் கால்மாட்டிலும் நின்று வாதாடினார்கள். சம்பந்தப்பட்ட கரண்டியைக் கோட்டுச்சேரியிலிருந்து தருவித்து அளக்கும்வரை எதையும் முடிவு செய்யக் கூடாது என்று ஒருவர். அளக்கும்போது மருந்து ஊற்றி அளப்பதா தண்ணீர் ஊற்றியா என்று இன்னொருவர். நடுவில் அமலராணி பையை அழுத்திக்கொண்டே இருந்தாள். அஞ்சுகம் தானும் ஒரு கை கொடுத்து அழுத்தினாள். அழுத்துகிறபோது நெஞ்சு ஏறியது. விட்டால் அப்படியே கிடந்தது.

காப்பிக் கடை நடத்துகிறவளுக்கு ஒன்று தெரியும். கத்துகிற வாடிக்கைக்காரரிடம் கத்தக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். அஞ்சுகம் கமாலுதீனைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகங்க. இவரு இந்த மேடையிலயே போயிட்டாருன்னா சட்டப்படி என்னங்க பண்ணுவீங்க?"

விதியைப் பற்றி மரியாதையாக ஒருவர் கேட்டு கமாலுதீனுக்கு வெகுநாள் ஆகிவிட்டது. "நல்ல கேள்வி" என்றார். "அபினிச் சத்து மருந்தால மரணம்னா, நடந்த இடத்தை உடனே சீல் வைக்கணும். மாஜிஸ்திரேட் வந்து பார்க்கறவரைக்கும் உள்ள இருக்கறவங்க வெளிய போகக் கூடாது. வெளியிலேருந்து எதுவும் உள்ள வரக் கூடாது."

"அவரு எப்பங்க வருவாரு?"

"லீவுல போயிருக்காரு. நாளைக்குச் சாயங்காலம்."

கூடத்துக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கு பிரியாணி தம் போட்டிருந்தார்கள். வாசனை ஜன்னல் வழியாக அப்போதுதான் உள்ளே வந்தது. துணை இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார்.

"எதுவும்னா?" என்று கேட்டார்.

"எதுவும்தான் சார்."

"சாப்பாடு?"

"எதுவுங்கறதுல அதுவும் அடங்கும் சார்."

துணை இயக்குநர் மருதையனைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவரை ஒரு மனுஷனாகப் பார்த்தார். சாகக்கூடிய மனுஷனாக. "சாவி" என்றார்.

இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. டாக்டர் ஓடினார். கமாலுதீனும் கூடவே ஓடினார். பேச்சில்லாத இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். வயிறு காரணம் என்றாலும் காட்சி அழகாக இருந்தது.

டாக்டர் மேடைக்குத் திரும்பி வந்து நரம்பைத் தேடி ஊசியை ஏற்றினார். அமலராணி பையை எடுத்துவிட்டு மருதையனின் நெஞ்சைப் பார்த்தாள். அது அசையவில்லை. அஞ்சுகம் வண்டியின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தாள். துணை இயக்குநர் ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

நெஞ்சு எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பியது. உதட்டுக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மருதையன் கண்ணைத் திறந்து, மேலே மின்விசிறியையும் சுற்றிலும் மாலை போட்ட ஆட்களையும் பார்த்தார். அதற்கப்புறம் இருமினார்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. இருமல் ஒலிபெருக்கி வழியாகத் தலத்தெரு முழுக்கப் போய், கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, கடற்கரை வரைக்கும் போய் மீன் ஏலத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அஞ்சுகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

துணை இயக்குநருக்கு ஏமாற்றம். நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதச் சொன்னார், எழுதினேன்: "நோயாளி பூரண குணத்துடன் மேடைக்கு வந்தார். எதிர்மருந்து செலுத்தியதும் நோய் திரும்பியது."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மருதையனை ஊசி அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். உட்கார வைத்ததும் பேசினார். டாக்டர் கையைத் துடைத்தபடி, "முழிச்சாச்சு, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போம்மா" என்றார்.

"ஊசி வேகம் சீக்கிரம் இறங்கிரும் சார்" என்றாள் அமலராணி. "மருந்து இன்னும் ஒடம்புல இருக்கு. திரும்ப அமுக்குமே."

"தெரியும். அது எனக்குத் தெரியாதா. ஒருநாள் வச்சுப் பார்க்கத்தான் வேணும். திரும்ப மூச்சு கொறைஞ்சா உடனே போடு, எழுதிக் குடுத்துட்டுப் போறேன்." எழுதினார். "பீரோவைப் பூட்டிருவாங்க. தேவைன்னா வந்து கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னாலேயே கமாலுதீன் அரக்கும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு வந்தார். அஞ்சுகம் அவரையும் பார்த்தாள், திறந்திருந்த பீரோவையும் பார்த்தாள். கீழ்த்தட்டு காலியாக இருந்தது. புடவையை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரும்மா. சீல் வைக்கணும்."

"வச்சுக்குங்க."

"உள்ள ஆள் இருக்கப்ப எப்படி வைக்கறது?"

"அப்ப வைக்காதீங்க."

கமாலுதீன் நியாயமான மனிதர். விதியை மீறி ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுக்க மாட்டார். பூட்டுவதற்கு முன் உள்ளிருக்கும் சரக்கை எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினார். ஊசி மருந்து, பஞ்சு, பெண். கணக்கில் இல்லாத சரக்கு இருந்தால் கண்காணிப்பாளர் எழுத்தில் விளக்கம் தரும்வரை பூட்டக் கூடாது என்பதும் விதி. கண்காணிப்பாளரோடு அவர் மறுபடி பேச்சை நிறுத்தியிருந்தார். ஆகவே பீரோ திறந்தே கிடந்தது.

பிரியாணிக்குப் பிறகு குழு கூடியது. சத்தம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. வயிறு நிறைந்த பிறகு மனிதர்களுக்கு விட்டுக்கொடுக்கும் குணம் வருகிறது. காப்பி என்ற சொல்தான் ஒரு உயிருக்கு ஆபத்தானது என்பதைக் காப்பிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். தே என்ற சொல்லும் ஆபத்தாகலாம் என்று தேயிலைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டையும் அடித்துவிடுவது என்று முடிவாயிற்று. இனி சீட்டில் 'ஒரு கரண்டி' என்று மட்டும் இருக்கும். ஒருமனதாக நிறைவேறியது. நெடுநேரம் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் நடுவில் மருதையன் பேச்சு குழறியது. அஞ்சுகம் பீரோவுக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "என்னங்க. என்னங்க." தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அமலராணி பையைப் போட்டு, மூச்சுக்கும் மூச்சுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாள். இடைவெளிதான் இருந்தது. எட்டி அஞ்சுகத்தின் தலைக்கு மேல் தட்டிலிருந்து மருந்தை எடுத்து, உடைத்து, ஏற்றினாள். ஓடவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஒலிபெருக்கியில் நன்றியுரை ஆரம்பமாயிற்று.

நன்றியுரை முடிவதற்குள் மருதையன் கண்ணைத் திறந்தார். எதிரே இரும்பு பீரோவுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மனைவியை வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்னை எதுக்குடி உள்ள வச்சாங்க?"

"நான் வெளிய வந்தா ஒங்களை மண்ணுக்குள்ள வச்சிருவாங்க. பேசாம மூச்சு விடுங்க."

மறுநாளும் இருக்க வைத்தார்கள். அதற்கடுத்த நாள் காலையில் அனுப்பும்போது டாக்டர் செல்வநாதன் மருதையனின் முதுகில் குழலை வைத்துப் பார்த்தார். சளி அப்படியே இருந்தது. ஆவி பிடிக்கச் சொன்னார். அது நல்ல வைத்தியம். கூடவே பழக்க தோஷத்தில் ஒரு புட்டியையும் எடுத்துக் கொடுத்தார். புதுச் சீட்டு ஒட்டி, பசை இன்னும் காயாமல் இருந்தது.

"எந்தக் கரண்டிங்க?" என்றாள் அஞ்சுகம்.

"அதெல்லாம் குழு முடிவு பண்ணிருச்சும்மா. இனிமே குழப்பமே கிடையாது."

அவள் புட்டியை அவர் மேஜையின் நடுவில் வைத்தாள். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க."

"இருமல் நிக்காதும்மா."

"நிக்க வேணாங்க."

வராந்தாவில் மருதையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படிக்கட்டு வந்ததும் நின்று ஒரு தடவை இருமினார். அஞ்சுகம் அவர் முதுகில் கை வைத்துத் தானும் நின்றாள். இன்னொன்று வருகிறதா என்று காத்திருந்தாள். வந்தது. அப்புறம் கையைப் பிடித்துப் படியிறக்கினாள்.